காருக்கேற்ற சக்கரம்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

முன்னுரை

நம் பாட்டன்மார் காலத்து மாட்டு வண்டிச் சக்கரத்தை என்றேனும் அருகில் நின்று பார்த்திருக்கிறீர்களா? நடுவில் குடம், குடத்திலிருந்து விரியும் ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றி மரத்தாலான வட்டை, வட்டையைச் சுற்றி இரும்புப் பட்டா. அந்தப் பட்டாவைச் சக்கரத்தைவிடச் சற்றே சிறியதாகச் செய்வார் கொல்லர். பிறகு நெருப்பில் காய்ச்சுவார். சூட்டில் இரும்பு விரியும். விரிந்த நிலையில் சக்கரத்தில் மாட்டி நீர் ஊற்றுவார். இரும்பு சுருங்கி மரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். அளவு ஒரு நூல் கூடினால் பட்டா கழன்று ஓடிவிடும். ஒரு நூல் குறைந்தால் சக்கரமே கோணிப் போகும்.

வண்டி மாறிவிட்டது, மாடு போய் இயந்திரம் வந்துவிட்டது. ஆனால் சக்கரத்தின் அளவில் கொண்ட கவனம் மட்டும் மாறக்கூடாத ஒன்று. இதை நாங்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டோம். இன்று தெருவில் போகும் பல கார்களில், தொழிற்சாலையில் மாட்டிய சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பளபளக்கும் பெரிய சக்கரங்களை மாட்டியிருப்பதைக் காண்கிறோம். அது சரியா, தவறா? சரியென்றால் எதைப் பார்த்து மாட்ட வேண்டும்? இவற்றை எளிய முறையில் எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காற்றடைத்த டயரின் கதை

முதலில் சிறிது வரலாறு. மரச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டாவும், பின்னர் கெட்டி ரப்பர் வளையமும் போட்டு ஓட்டிய காலத்தில் பயணம் என்றாலே உடம்பு வலிதான். இராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் காற்றடைத்த டயருக்கு 1845-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். ஆனால் அது அன்று பரவவில்லை. 1888-இல் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி அதிராமல் ஓட வேண்டும் என்று காற்றடைத்த டயரைச் செய்தார். ஒரு தந்தையின் அன்பிலிருந்து பிறந்த பொருள் இன்று உலகையே தாங்கி நிற்கிறது! பிரெஞ்சு நாட்டு மிஷலின் சகோதரர்கள் 1895-இல் பாரிஸ் – போர்டோ கார்ப் பந்தயத்தில் காற்றடைத்த டயர்களை மாட்டி ஓட்டிக் காட்டினார்கள். அதே மிஷலின் நிறுவனம் 1946-இல் 'ரேடியல்' என்னும் புதுவகை டயருக்குக் காப்புரிமை பெற்றது. இன்று கார்களில் இருப்பது பெரும்பாலும் அவ்வகையே.

டயருக்குள் இருக்கும் காற்றுதான் காரின் எடையைத் தாங்குகிறது; ரப்பரும் அதற்குள் பொதிந்த நூல் அடுக்குகளும் கம்பிகளும் அக்காற்றைப் பிடித்து வைத்திருக்கின்றன. கார் சாலையைத் தொடும் இடம் எவ்வளவு தெரியுமா? ஒவ்வொரு டயருக்கும் ஏறத்தாழ நம் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய ஓரிடம், அவ்வளவே! ஓடுவதும், திரும்புவதும், நிற்பதும் அந்த நான்கு இடங்களை நம்பியே நடக்கின்றன.

எங்கள் வீட்டில் நடந்தது

எங்கள் பெரியப்பா மகன், எங்களுக்கு அண்ணன், வேலைக்குச் சேர்ந்து சேமித்த பணத்தில் பழைய கார் ஒன்று வாங்கினார். வெள்ளை நிறம், 14 அங்குல இரும்புச் சக்கரம். அக்கா தங்கையராகிய எங்களுக்கு அதைப் பார்த்து மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆனால் எதிர் வீட்டுக் காரின் சக்கரங்கள் வெள்ளித் தாமரை போல் விரிந்திருக்க, எங்கள் காரின் சக்கரங்கள் சட்டி போல் இருக்கின்றனவே என்று குறைப்பட்டோம். "அண்ணா, பெரிய சக்கரம் போட்டால் கார் எவ்வளவு கம்பீரமாக இருக்கும்!" என்று நாள்தோறும் அவர் காதில் ஓதியவர்கள் வேறு யாருமல்லர், நாங்களேதான்.

அண்ணன் முதலில் சிரித்தார், பிறகு யோசித்தார், பிறகு தம் இரண்டு மாதச் சம்பளத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். திரும்பி வந்தபோது காரில் 16 அங்குல அலாய் சக்கரங்கள் மின்னின. "இதே டயர் பெரிய பெரிய வண்டிக்கெல்லாம் போகிறது, தாராளமாகப் போடலாம்" என்று கடைக்காரர் சொன்னாராம். பழைய சக்கரங்களில் மூன்றைச் சாக்கில் சுற்றி மாடிப்படிக்குக் கீழே வைத்தார். ஒன்று உபரிச் சக்கரமாகக் காரின் பின்னால் கிடந்தது. அண்ணன் தனியாக ஊருக்குள் ஓட்டியபோது ஒரு குறையும் தெரியவில்லை. நாங்கள் பெருமையோடு தெருவில் நின்று பார்த்தோம்.

டயரில் எழுதியிருப்பது என்ன?

நடந்ததைச் சொல்லுமுன் ஒன்றை விளக்கிவிடுகிறோம். ஏனெனில், அன்றே இது எங்களுக்குத் தெரிந்திருந்தால் அந்த விபரீதம் நேர்ந்திராது.

ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் அதன் ஜாதகமே எழுதப்பட்டிருக்கிறது. எடுத்துக்காட்டாக, '185/65 ஆர் 15 88 எச்' என்று இருப்பதாகக் கொள்வோம்.

185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம். ஆனால் இது மில்லிமீட்டர் அன்று, அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதைக் குறிக்கும். 185-இல் 65 விழுக்காடு ஏறத்தாழ 120 மில்லிமீட்டர். 'ஆர்' என்றால் ரேடியல். பலர் இதை ஆரம் என்று தவறாக எண்ணுகிறார்கள். 15 என்பது டயர் உட்காரும் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டரும், விழுக்காடும், அங்குலமும் கலந்திருப்பது வேடிக்கைதான்! 88 என்பது தாங்கும் எடைக்கான குறியீட்டு எண். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும். இறுதியில் உள்ள எழுத்து வேகத்தின் எல்லை; 'டி' என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர், 'எச்' என்றால் 210.

இன்னொரு மூலையில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்ட டயர் என்று பொருள். புதியது என்று சொல்லிப் பழையதைத் தலையில் கட்டுவோரிடமிருந்து இந்த நான்கு இலக்கம் நம்மைக் காக்கும்.

இப்போது சக்கரத்தின் முழு உயரத்தை நாமே கணக்கிடலாம். ரிம்மின் விட்டத்தை 25.4-ஆல் பெருக்கினால் மில்லிமீட்டர் கிடைக்கும். அதனுடன் பக்கச்சுவரின் உயரத்தை இருமுறை கூட்ட வேண்டும். மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர் அல்லவா? 185/65 ஆர் 15-க்கு 381 + 120 + 120, அதாவது ஏறத்தாழ 621 மில்லிமீட்டர்.

மலைப்பாதையில்

கோடை விடுமுறையில் கொடைக்கானல் போவதென்று முடிவாயிற்று. அண்ணன், பெரியம்மா, அம்மா, நாங்கள் இருவர் என்று ஐந்து பேர், பின்னால் பெட்டிகள், போதாக்குறைக்குப் புளியோதரைத் தூக்கு. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் கார் முன்போல் ஏறவில்லை. அண்ணன் அடிக்கடி கியரைக் குறைக்க நேர்ந்தது. "ஐந்து பேர் பாரம்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

முதல் கொண்டை ஊசி வளைவில் பின்பக்கத்திலிருந்து 'சர்ர்ர்' என்று ஓர் ஒலி. நேரே வந்ததும் நின்றுவிட்டது. அடுத்த வளைவில் மீண்டும் 'சர்ர்ர்'. அம்மா இருந்த பக்கந்தான். "ஏதோ கல் சிக்கியிருக்கும்" என்றார் அண்ணன். இன்னும் சில வளைவுகள் சென்றபின் ரப்பர் தீயும் நாற்றம் மூக்கைத் துளைத்தது. "வண்டியை நிறுத்துடா!" என்று பெரியம்மா போட்ட சத்தத்தில் அண்ணன் சாலையோரமாக ஒதுக்கி நிறுத்தினார்.

இறங்கிப் பார்த்த எங்களுக்கு நெஞ்சு திக்கென்றது. இடது பின் டயரின் தோள் பகுதியில் கத்தியால் சீவியதுபோல் ஒரு நீண்ட வெட்டு. ரப்பர் சுருள் சுருளாய் உரிந்து, உள்ளே நூல் அடுக்கு வெளியே தெரிந்தது. மட்கார்டின் உள்விளிம்பு, பளபளவென்று தேய்ந்திருந்தது. சாலையின் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளத்தாக்கு. அந்த டயர் வளைவில் வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போது எவரும் வாய் திறந்து சொல்லவில்லை. அம்மா எங்கள் இருவர் கையையும் பிடித்த பிடியை வெகுநேரம் விடவில்லை.

வழியில் வந்த ஒருவரிடம் சொல்லியனுப்பிப் பக்கத்து ஊர் மெக்கானிக் ஒருவர் வந்தார். நரைத்த மீசைக்காரப் பெரியவர். குனிந்து பார்த்தார், டயரில் எழுதியிருந்ததைப் படித்தார், கதவைத் திறந்து ஓட்டுநர் பக்கம் ஒட்டியிருந்த சிறிய தாளையும் படித்தார். பிறகு, "தம்பி காலுக்கு அண்ணன் செருப்பை மாட்டிவிட்டு ஓடச் சொன்னால் விழாமல் என்ன செய்யும், தம்பி?" என்றார். அண்ணன் தலைகுனிந்து நின்றார். எங்கள் தலைகள் அதைவிடத் தாழ்ந்திருந்தன.

உபரியாகக் கிடந்த பழைய சக்கரத்தை மாட்டினார் பெரியவர். அது மற்ற மூன்றைவிடச் சிறியது. ஆகவே கார் ஒருபக்கம் சாய்ந்து நின்றது. "பாரம் கூடாது, இப்படியே மேலே ஏறவும் கூடாது. பெண்பிள்ளைகள் பஸ்ஸில் இறங்கட்டும். தம்பி தனியாக மெதுவாகக் கீழே வரட்டும்" என்றார். அப்படியே செய்தோம். கொடைக்கானலைப் பாராமலே திரும்பினோம். பஸ்ஸின் சன்னல் வழியே, வெள்ளைக் கார் நொண்டிக்கொண்டு பின்னால் வருவதை ஒவ்வொரு வளைவிலும் எட்டி எட்டிப் பார்த்தபடி வந்தோம்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம்

வீடு திரும்பியபின் அண்ணனும் நாங்களும் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தோம். காரில் முதலில் இருந்தது 165/80 ஆர் 14. அதன் முழு உயரம் 355.6 + 132 + 132, ஏறத்தாழ 620 மில்லிமீட்டர். புதிதாகப் போட்டது 205/60 ஆர் 16. அதன் உயரம் 406.4 + 123 + 123, ஏறத்தாழ 652. வேறுபாடு 32 மில்லிமீட்டருக்கு மேல். நூற்றுக்கு ஐந்து பங்குக்குச் சற்று அதிகம். அதோடு அகலமும் 40 மில்லிமீட்டர் கூடிவிட்டது.

வட்டத்தின் சுற்றளவு காணும் முறை நமக்குத் தெரிந்ததே. பழைய சக்கரம் ஒருமுறை உருண்டால் ஏறத்தாழ 1.95 மீட்டர் நகரும், புதியது 2.05 மீட்டர். ஒரு கிலோமீட்டர் செல்லப் பழைய சக்கரம் ஏறத்தாழ 514 முறை சுற்ற வேண்டும். புதியதற்கு 488 முறையே போதும். பாரத்தில் டயர் சற்று அமுங்குவதால் உண்மையில் எண்கள் சிறிது மாறும். ஆயினும் விகிதம் ஏறத்தாழ இதுவே.

இதனால் என்ன என்கிறீர்களா? வேகம் காட்டும் முள் சாலையைப் பார்ப்பதில்லை. சக்கரம் சுற்றுவதைத்தான் எண்ணுகிறது. சுற்று குறைந்தால் வேகமும் குறைந்ததாக அது எண்ணிக்கொள்ளும். முள் 80 காட்டும்போது, பழைய சக்கரத்தில் 80-இல் போகும் கார், புதிய சக்கரத்தில் 84-இல் போய்க்கொண்டிருக்கும். பொதுவாகத் தொழிற்சாலையில் முள் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும்படி அமைப்பார்கள். ஓட்டுபவர் தம்மை அறியாமல் வேகம் மீறக்கூடாதே என்ற நல்லெண்ணம் அது. பெரிய டயர் அந்தக் காப்பைத் தின்றுவிடுகிறது.

ஓடிய தூரத்தைக் காட்டும் எண்ணும் இவ்வாறே ஏமாறும். உண்மையில் 100 கிலோமீட்டர் ஓடினால் 95 என்றுதான் காட்டும். புதுச் சக்கரம் போட்டது முதல் பெட்ரோல் அதிகம் குடிக்கிறது என்று அண்ணன் அலுத்துக்கொண்டாரே, அதில் ஒரு பகுதி உண்மை. ஒரு பகுதி இந்தக் கணக்குப் பிழை!

இழுவையும் பிரேக்கும்

மலையில் கார் திணறியது ஏன்? எஞ்சின் சக்கரத்தின் அச்சை முறுக்குகிறது. அந்த முறுக்கு விசை, சக்கரத்தின் ஆரத்தால் வகுபட்டே தரையில் தள்ளும் விசையாகிறது. ஆரம் ஐந்து பங்கு கூடினால், அதே முறுக்கு விசையில் தள்ளும் விசை ஏறத்தாழ ஐந்து பங்கு குறையும். சைக்கிளில் பின்சக்கரத்துப் பல்சக்கரம் சிறிதாக இருந்தால் மேட்டில் மிதிப்பது எவ்வளவு கடினம்! அதே நிலைதான்.

பிரேக்குக்கும் இதே விதி பொருந்தும். பிரேக் தட்டு மாறவில்லை. பிடிக்கும் பலமும் மாறவில்லை. சக்கரத்தின் ஆரம் மட்டும் கூடியிருக்கிறது. ஆகவே அதே அளவு மிதித்தால் நிறுத்தும் விசை குறையும். இறக்கத்தில் இது சிறிய செய்தி அன்று.

எடையும் உண்டு. 'அலாய் என்றாலே இலேசு' என்று பலர் நம்புகிறார்கள். நன்றாகச் செய்த அலாய் சக்கரம் இலேசாக இருக்கலாம்; ஆனால் பெரிய, மலிவான அலாய் சக்கரமும் அதற்கான அகன்ற டயரும் சேர்ந்து, பழைய சிறிய இரும்புச் சக்கரத்தைவிடக் கனமாகவே இருக்கக்கூடும். சக்கரத்தின் எடை காரின் சுருள்வில்லுக்குக் கீழே இருப்பது. அந்த எடை கூடினால், குழியில் விழுந்து எழும் சக்கரத்தை வில்லும் அதிர்வு தாங்கியும் அடக்குவது கடினம். காலில் கனத்த பூட்ஸ் அணிந்து கயிறு தாண்டிப் பார்த்தால் இது நன்றாக விளங்கும்.

ரிம்மில் பார்க்க வேண்டியவை

உயரம் ஒன்று சரியாயிருந்தால் போதுமா? போதாது. ரிம்மில் நான்கு செய்திகளைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

முதலாவது, நட்டுத் துளைகளின் எண்ணிக்கையும், அவை அமைந்த வட்டத்தின் விட்டமும். ஒர்க்‌ஷாப்பில் இதைப் பி.சி.டி. என்பார்கள். 4 × 100 என்றால் நான்கு துளைகள், 100 மில்லிமீட்டர் வட்டம். 100-க்குப் பதில் 98 உள்ளதை இழுத்துப் பிடித்து முடுக்கினால் நட்டு கோணலாக உட்காரும், ஓட்டத்தில் தளர்ந்துவிடும்.

இரண்டாவது, நடுத்துளை. இது காரின் குடத்தின் மேல் இறுக்கமாக உட்கார வேண்டும். பெரிதாக இருந்தால் அதற்குரிய வளையம் இட்டு இடைவெளியை அடைக்க வேண்டும். இல்லையேல் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும்.

மூன்றாவது, நட்டின் முகம். சில ரிம்களில் கூம்பு வடிவக் குழி. சிலவற்றில் உருண்டைக் குழி. ஒன்றுக்கு உரிய நட்டு மற்றொன்றில் சரியாக உட்காராது.

நான்காவது, ஆஃப்செட். சக்கரம் காரோடு சேரும் முகப்பு, ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை இது குறிக்கும். இந்த எண் குறைந்தால் சக்கரம் வெளியே துருத்தி நிற்கும். கூடினால் உள்ளே போய் வில்லையோ கம்பியையோ உரசும். எங்கள் அண்ணன் காரில் நேர்ந்தது முதல் வகை. வெளியே துருத்திய, அகன்ற, உயர்ந்த டயர்; பின் இருக்கையில் மூவர்; வளைவில் காரின் உடல் வெளிப்பக்கம் சாய்கிறது; மட்கார்டின் விளிம்பு டயரின் மேல் இறங்குகிறது. பிறகு அறுக்காமல் என்ன செய்யும்? அண்ணன் தனியாக ஊருக்குள் ஓட்டியபோது உரசாததன் காரணமும் இதுவே. சக்கரம் துருத்தினால் பேரிங்கின் மேலும் வீண் பளு ஏறும்.

ஆகவே புதிய சக்கரம் மாட்டியவுடன், ஆள்களையும் பாரத்தையும் ஏற்றி, ஸ்டீயரிங்கை இருபக்கமும் முழுவதும் திருப்பி, எங்கும் தொடவில்லை என்று பார்த்த பிறகே கடையை விட்டுப் புறப்பட வேண்டும். வெறும் காரில் பார்ப்பது பார்வையாகாது.

பெரிய சக்கரத்தால் நன்மையே இல்லையா?

நாங்கள் பட்டது கொண்டு பெரிய சக்கரமே கெட்டது என்று சொல்ல வரவில்லை. ரிம் பெரிதானால் உள்ளே பெரிய பிரேக் தட்டு வைக்க இடம் கிடைக்கும். பக்கச்சுவர் குட்டையானால் திரும்பும்போது டயர் நெளிவது குறையும். ஸ்டீயரிங் சொன்னபடி கார் கேட்கும். ஃபார்முலா 1 பந்தயக் கார்களே 2022-இல் 13 அங்குல ரிம்மை விட்டு 18 அங்குலத்துக்கு மாறின.

முறையாகச் செய்தால் ரிம்மைப் பெரிதாக்கியும் முழு உயரத்தை மாற்றாமல் இருக்கலாம். ரிம் வளரும் அளவுக்குப் பக்கச்சுவர் குறைய வேண்டும். அதுவே இதன் இரகசியம். 2018-இல் வந்த மாருதி ஸ்விஃப்ட் காரில் விலை குறைந்த வகைக்கு 165/80 ஆர் 14. விலை கூடிய வகைக்கு 185/65 ஆர் 15. முன்னதன் உயரம் ஏறத்தாழ 620. பின்னதன் உயரம் 621 அல்லது 622. ரிம் ஓர் அங்குலம் வளர்ந்தும் சக்கரம் 2 மில்லிமீட்டரே வேறுபடுகிறது! தயாரித்தவர்களே காட்டிய பாதுகாப்பான வழி இது. உயர வேறுபாடு நூற்றுக்கு மூன்று பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது தொழில் தெரிந்தோர் பொதுவாகக் கூறும் வரம்பு.

ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. அதே காருக்கு 205/45 ஆர் 17 போட்டால் உயரம் ஏறத்தாழ 616. கணக்கு அழகாகவே வருகிறது. ஆனால் பக்கச்சுவர் 132 மில்லிமீட்டரிலிருந்து 92-ஆகக் குறைந்துவிட்டது. அந்தச் சுவர்தான் குழிக்கும் ரிம்முக்கும் இடையே உள்ள மெத்தை. மெத்தை மெலிந்தால் குழியின் அடி நேரே ரிம்மில் விழும்; ரிம் வளையும் அல்லது விரிசல் விடும்; டயரின் பக்கவாட்டில் கட்டி போல் புடைக்கும். மழைக்காலத்துக்குப் பிந்திய நம் சாலைகளை அறிந்தவர் இதற்குமேல் விளக்கம் கேட்கமாட்டார்.

அகலத்தைப் பற்றியும் ஒரு சொல். டயர் அகலமானால் பிடிப்பு அப்படியே பெருகிவிடும் என்று எண்ணுகிறோம். தரையைத் தொடும் பரப்பு, பெரும்பாலும் தாங்கும் எடையையும் காற்றழுத்தத்தையும் பொறுத்தது. அகன்ற டயரில் அப்பரப்பு நீளம் குறைந்து அகலமாக மாறுகிறது. உலர்ந்த சாலையின் வளைவில் அது நல்லதே. ஆனால் தேங்கிய மழைநீரில் வேகமாகச் செல்லும்போது, அகன்ற டயர் அதிக நீரை ஒதுக்கித் தள்ள வேண்டியிருக்கிறது. தள்ள முடியாதபோது டயர் தரையை விட்டு நீரின் மேல் மிதந்துவிடும். அப்போது ஸ்டீயரிங்கும் பிரேக்கும் பயன்படா.

காற்றழுத்தத்தையும் மறக்கலாகாது. ஓட்டுநர் கதவருகே ஒட்டியுள்ள தாளில் எழுதிய அழுத்தம், அங்கே குறித்த டயர் அளவுகளுக்கே உரியது. வேறு அளவு போட்டால் அதற்குரிய அழுத்தத்தைக் கேட்டறிய வேண்டும். புதிய டயரின் எடைக் குறியீட்டு எண்ணும் வேக எழுத்தும், தயாரிப்பாளர் குறித்ததற்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நமது நாட்டின் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றினின்று வேறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு தீர்ப்பில் இதனை வலியுறுத்தியது. எனவே தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள அளவுகளுக்குள் நிற்பதே அறிவுடைமை. மாற்றம் எதுவாயினும் காப்பீட்டு நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரிவிப்பதும் நலம். சக்கரம் வாங்கும்போது பில் தந்து, 'இக்காருக்குப் பொருந்தும்' என்று அதில் எழுதித் தரும் கடையே நல்ல கடை.

முடிவுரை

மாடிப்படிக்குக் கீழே சாக்கில் உறங்கிய பழைய சக்கரங்கள் மீண்டும் காருக்கு வந்தன. நல்ல நிலையில் இருந்த மூன்று பெரிய சக்கரங்கள் பாதி விலைக்குப் போயின. அறுந்த டயரை மட்டும் அண்ணன் விற்கவில்லை. "இது உங்கள் பாடப் புத்தகம்" என்று சொல்லித் தோட்டத்தில் வைத்துவிட்டார். அதன் நடுவே மண் நிரப்பி அம்மா செம்பருத்தி நட்டிருக்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கொண்டை ஊசி வளைவு எங்கள் கண்முன் வருகிறது.

அன்று பணம் கொடுத்தவர் அண்ணன், பொருத்தியவர் கடைக்காரர், ஆனால் ஆசையை விதைத்தவர்கள் நாங்கள். அழகைப் பற்றி நூறு முறை பேசிய நாங்கள் அளவைப் பற்றி ஒருமுறையும் கேட்கவில்லை. காரும் டயரும் ஆண்களின் காரியம், நமக்கு என்ன என்று இருந்துவிட்டோம். ஆனால் அந்தக் காரில் அமர்ந்திருந்தவர்கள் ஐவர். அவர்களுள் நால்வர் பெண்கள்!

ஆகையால் தோழியரே, உங்கள் வீட்டுக் காரிலோ, ஸ்கூட்டரிலோ டயர் மாற்றும் நாள் வந்தால், நீங்களும் ஒருமுறை குனிந்து அதில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பெருக்கவும் கூட்டவும் தெரிந்த எவருக்கும் அந்தக் கணக்கு வரும். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பது பழமொழி. காருக்குத் தகுந்த சக்கரம் வேண்டும் என்பது நாங்கள் மலைப்பாதையில் கற்ற பாடம்.